அத்தை குடிக்காத தண்ணீர்

என் மாமியாருக்குத் தண்ணீர் குடிக்கப் பிடிக்காது என்று ஒரு வருடத்துக்கு மேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேனில் சொன்னேன், கம்பெனியில் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். என் வாய் அப்படி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். எங்கள் ஊர் ஆமத்தூர்ப் பக்கம். நான் பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் லோடுமேன். காலையில் கம்பெனி வேன்கள் வந்து போய்விட்டால் ஊரில் வயசாளிகளும் கோழிகளும்தான் மிச்சம். அத்தையும் அந்த மிச்சத்தில் ஒருவர். ஆயுசுக்கும் களை எடுத்து, பருத்தி எடுத்து, முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தது. சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்.

இரண்டு மாதத்துக்கு ஒருதரம் அவருக்கு நீர்க்கடுப்பு வரும், கூடவே காய்ச்சலும். பிறகு தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் வாசல்படியில் விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. சம்பளம் போனால் போகிறதென்று லீவு போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "இவங்க தண்ணியே குடிக்கிறதில்ல. இப்படியே போனா கிட்னி தாங்காது" என்றார்.

மறுநாளிலிருந்து இரண்டு பெரிய கலர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி அத்தையின் தலைமாட்டில் வைத்துவிட்டு வேன் ஏறினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டும் காலியாக இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அடுத்த மாதமும் அதே கடுப்பு, அதே காய்ச்சல்.

"தினமும் ரெண்டு பாட்டில் குடிக்கிறாகம்மா" என்றேன் டாக்டரம்மாவிடம்.

"குடிக்கிறத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "என் மானத்த வாங்கணும்னே இப்படிப் பண்றீகளா? நாளைக்கு ஒண்ணுன்னா மருமக பாக்கலைன்னுதான ஊரு சொல்லும்?" அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்த்துப் பேசாதது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஒருநாள் காலையிலிருந்தே மேகம் மூடிக்கிடந்தது. வெயில் இல்லாவிட்டால் எதையும் காயப்போட முடியாது. மத்தியானத்துக்கு முன்பே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுப் போனேன். அத்தை முருங்கை மரத்தடியில் குனிந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கிழவி கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை பண்றீக?" என்றேன். கிழவிதான் பேசினாள்.

"அவள மட்டும் ஏன் கேக்க? நானுந்தான் ஊத்துதேன். குடிச்சா எங்கன போய் ஒதுங்க? முன்னெல்லாம் வீட்டுக்குப் பின்னால வேலிக்கருவக் காடு கெடந்துச்சு. இப்ப புதுசா ஒரு கம்பெனிக்காரன் வளைச்சுக் கம்பி கட்டிட்டான், வாச்சுமேன் நிக்கான். கம்மாக்கரைக்கு இந்தக் கால வச்சுக்கிட்டு நடக்க முடியுமா? நீங்க எல்லாரும் கம்பெனிக்குள்ளயே போயிக்கிறீக. ஒங்களுக்குத் தெரியாது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் கம்பி வேலி போட்டபோது இனிமேல் பக்கத்திலேயே வேலை கிடைக்குமென்று சந்தோஷப்பட்டவள் நான். நாங்கள் வேலைக்குப் போகிற கம்பெனியில் தண்ணீர்க் குழாயோடு கக்கூஸ் இருந்தது. விடியுமுன் ஒருதரம் கண்மாய்க் கரைக்கு ஓடிவிட்டு வேன் ஏறிவிடுவோம். வேலைக்குப் போகிற ஒருத்திக்கும் அந்தக் காடு போனது உறைக்கவில்லை.

"அதுக்கு ஏன் கம்மாக்கரைக்குப் போகணும்? நம்ம வீட்டுலதான் கக்கூஸ் இருக்குல்ல" என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் என் கை முந்தியில் இருந்த சாவிக்குப் போனது.

கக்கூஸ் இருந்தது. அரசாங்கத் திட்டத்தில் கட்டித் தந்த சின்ன அறை. எங்கள் வீட்டில் ஒழுகாத கூரை அது ஒன்றுக்குத்தான். கமிஷன்காரரிடம் ஆர்டர் எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெடிக்காக நான் உருட்டுகிற பேப்பர் குழாய்களைக் கட்டுக்கட்டாக அதற்குள்தான் அடுக்கிவைத்திருந்தேன். கோப்பையின் மேல் பலகை போட்டு, அதற்கு மேல் தலையுயரத்துக்குக் குழாய்கள். எங்கள் தெருவில் அந்த அறை இருந்த வீடுகளில் எல்லாம் அப்படித்தான், குழாய் இல்லாவிட்டால் விறகு. ஒருதரம் மழையில் அத்தை கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டு இரண்டு கட்டு நனைந்துபோனது. இரண்டு நாள் அவரைத் திட்டித் தீர்த்து, பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை என் முந்தியில் முடிந்துகொண்டேன்.

"ஏன் அத்தை எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன்.

"ஒன் ஆர்டர் நனைஞ்சிருமேத்தா" என்றார்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

அன்றைக்கே பூட்டைத் திறந்து கட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தேன். கிழவியும் கைகொடுத்தாள். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் திணித்தது போக மிச்சத்தைக் கமிஷன்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் அத்தை பிடித்து எழுந்திரிக்கச் சுவரில் ஒரு இரும்புக் கம்பி பதித்தார். கிழவி வீட்டில் அந்த அறையே கிடையாது. அவளும் எங்கள் வீட்டுக்கே வந்து போனாள். அடுத்த தரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, கெட்டது கெட்டதுதான், இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என்ன மாத்திரை மாற்றினீர்கள் என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

எனக்கு ஆறாதது வேறொன்று. கக்கூஸைத் திறந்துவிட்ட பிறகும் அத்தை நேராக உள்ளே போகமாட்டார். நான் வீட்டில் இருந்தால் என் முன்னால் வந்து நிற்பார். "ஏத்தா, போயிட்டு வந்திரவா?" என்பார். அவருடைய மகன் வீடு, அத்தையின் பெயரிலேயே வந்த பட்டா. அதில் ஒதுங்குவதற்கு என்னிடம் அனுமதி கேட்டு நின்றார். "எங்கிட்ட எதுக்குக் கேக்கீக, போங்க அத்தை" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்லியும் கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் கேட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, சுவரைப் பிடித்தபடி என்னைத் தாண்டிப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வெளியே வருவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக அழுதேன்.