வியர்க்காத ஜெர்சி

என் மூக்கை நான் நம்புவேன். ஒரு கார்டரியில், அதாவது சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், பன்னிரண்டு வருடமாகச் சமைக்கிறேன். எந்தப் பிள்ளை மீன் துண்டைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்திருக்கிறது என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம், மூன்று மணிநேரம் கூடைப்பந்து விளையாடிவிட்டு வந்ததாகச் சொல்லி, என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஜெர்சியைத் தோய்க்கப் போட்டார். எடுத்து முகர்ந்து பார்த்தேன். போன கிழமை நான் போட்ட சோப்பின் வாசம் அப்படியே இருந்தது.

முதல் நாள் அப்படியே தோய்த்துக் காயப்போட்டேன். அடுத்த ஞாயிறும் அதே சோப் வாசம். மூன்றாவது ஞாயிறு கொலரில் ஒரு கறுப்புத் தடம் இருந்தது. விரலால் தேய்த்தேன், இழுபட்டது. கண்மை.

கூடைப்பந்து எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. மட்டக்களப்பில் நாங்கள் வளர்ந்த காலத்தில் மற்ற ஊர்ப் பெடியன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தார்கள். எங்கள் ஊர்ப் பெடியன்கள் கூடைப்பந்து விளையாடினார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் அவர் துள்ளிப் பந்து போட்டதை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். நாங்கள் சைவம், அவர் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். வீட்டில் பெரிய ரகளை. 'பாஸ்கெற்போல் அடிக்கிறவனைக் கட்டி என்னத்தைத் தின்னப் போறாய்?' என்று அப்பா கேட்டார். கட்டினேன். இருபத்தாறு வருடமாக, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லியும் வந்தேன்.

மொன்றியலுக்கு வந்த பிறகும் அவர் விளையாட்டை விடவில்லை. கிழமை நாட்களில் காட்போட் அட்டையில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு காலையில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற எங்கள் பகுதியில், வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூட ஜிம்மில், தன் வயதுக்காரர்களோடு விளையாட்டு. நான் கேள்வி கேட்டதே இல்லை. வியர்த்து நாறிக்கொண்டு வருகிற ஆம்பிளையைப் பற்றி என்னத்தைச் சந்தேகப்படுவது?

இப்போது சந்தேகப்பட்டேன். அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை. 'ஞாயிறு அதே இடம்தானே?' என்று ஒரு செய்தி, பக்கத்தில் சிவப்பு இதயம். அனுப்பியவரின் பெயர் 'ஜெர்சி' என்று பதிந்திருந்தது. ஜெர்சியாம்! கள்ளப் பெயர் வைப்பதற்கும் ஒரு மூளை வேண்டாமா?

அடுத்த ஞாயிறு அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிற்று வாறன் புள்ள" என்று வெளிப்படியில் இறங்கினார். ஐஸ் பிடித்திருந்த படிகளில் ஒவ்வொன்றாய், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வழுக்குமே என்ற பயம் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் பொறுத்து, மகனின் பழைய கோட்டைப் போட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பள்ளிக்கூடத்து ஜிம்மை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மெத்ரோவுக்குள் இறங்கினார். அடுத்த பெட்டியில் நான் ஏறினேன். இரண்டு தரம் ரயில் மாறினார், நானும் மாறினேன். மஞ்சள் லைனில் ஆற்றுக்கு அடியால் போய் லொங்குய்யில் இறங்கினார். நாலு தெரு தள்ளி விளையாட்டு இருக்க, ஆறு தாண்டி வருகிற மனிசனுக்கு என்ன அவசரம்?

அவர் நுழைந்தது ஒரு சமூக மண்டபம். உள்ளே கூடைப்பந்து ஆடுகளம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். இருபது, இருபத்தைந்து வயது. நான் கடைசி வாங்குப் பலகையில் போய் ஒடுங்கி இருந்தேன். என் கணவர் ஓரத்தில் ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டார். மடியில் ஒரு காட்போட் மட்டை. அப்போது ஒரு பெண் அவரிடம் ஓடி வந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிறகு குனிந்தாள். பிறகு திரும்பி நின்றாள். அவர் கண் எடுக்காமல் அவளுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படி எழும்பினேன், எப்படி ஆடுகளத்துக்குக் குறுக்காலே நடந்தேன் என்று நினைவில்லை. பந்து ஒன்று முதுகில் பட்டது மட்டும் தெரியும்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு? மகள் வயசு!" என்று கத்தினேன்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "ஐயோ, ஆன்ட்டியா? வாங்க ஆன்ட்டி! அங்கிள் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" சென்னைப் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவள், எங்கள் பக்கத்தில்தான் அறை எடுத்து இருக்கிறாளாம். "எங்க டீமுக்கு அங்கிள்தான் ஜெர்சி டிசைன் பண்றார். துணி எங்க மடியுதுன்னு பாக்குறார்."

நான் மட்டையைப் பிடுங்கினேன். இடுப்பு இருந்தது, உண்மைதான். ஆனால் அதில் பெண் இல்லை, துணிதான் இருந்தது. கை தூக்கும்போது துணி எங்கே இழுபடுகிறது, குனியும்போது எங்கே சுருங்குகிறது, அதில் எட்டு என்ற இலக்கம் எப்படி மூன்றாகத் தெரிகிறது என்று வரிசையாகப் படம் கீறியிருந்தார். கரித்துண்டால். அவருடைய விரல்கள், கழுத்து எல்லாம் கரி. கண்மை எங்கே இருந்து வந்தது என்று அப்போது விளங்கியது.

"பெட்டியில எழுத்து மடிப்புக்க விழாம அடிக்கிறதுதானே என்ர வேலை," என்றார் மெதுவாக. "உடுப்பும் அப்பிடித்தான். இலக்கத்த நாலு விரல் மேல ஏத்தினா, குனிஞ்சாலும் ரெஃபரிக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் இறங்கவில்லை. "அப்ப நீங்க எப்ப விளையாடுற?"

அவர் நீட்டிய காலின் ட்ரக்சூட்டைச் சுருட்டிக் காட்டினார். முழங்கால் ஒரு தேங்காய் அளவுக்கு வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. இனி ஓடக்கூடாது, துள்ளவே கூடாது என்று டொக்டர் சொல்லி ஐந்து மாதமாம், வீட்டிலும் ட்ரக்சூட்டைக் கழற்றாமல் மறைத்தாராம். முதலில் பழைய ஆட்களோடு ஜிம்மின் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டு சும்மா இருந்து, பெட்டி மட்டைகளில் அவர்களைக் கீறினாராம். இந்தப் பிள்ளை அங்கே ஒருநாள் விளையாட வந்து, கீறினதைப் பார்த்துத்தான் கேட்டதாம். ஜெர்சியை என்னத்துக்குப் போட்டுக்கொண்டு போனார் என்று கேட்டேன். "நீ பாப்பாய் எண்டுதான்," என்றார்.

திரும்பி வரும்போது ஒரே பெட்டியில் ஏறினோம். ரயில் ஆற்றுக்கு அடியால் போய்க்கொண்டிருந்தது.

"என்னட்ட சொன்னா என்ன?" என்றேன்.

"நீ கட்டினது பாஸ்கெற்போல்காரனைத்தானே புள்ள. எல்லாருக்கும் அதத்தானே சொல்லுறாய். விளையாட ஏலாத என்னை நீ பாத்ததே இல்லையே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மை. அந்த முழங்காலைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஏமாற்றம். அதை நினைத்து இப்போதும் கூசுகிறேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கீறின மற்ற மட்டைகள் எங்கே என்று கேட்டு, கட்டிலுக்கு அடியில் அவர் ஒளித்து வைத்திருந்த எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னேன். என் புத்தி அப்படி, இன்னும் ஏதாவது இருக்கும் என்று தேடுகிற புத்தி. ஐம்பது, அறுபது மட்டை இருக்கும். பழைய கூட்டாளிகளின் தொந்திகள், அந்தப் பெண்களின் கைகள், மெத்ரோவில் தூங்குகிற ஆட்கள், எங்கள் தெரு டெப்பனர் மளிகைக் கடைக்காரர். ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன். நான் ஒன்றிலும் இல்லை.

"ஊர்ச்சனம் முழுக்க இருக்கு. நான் எங்க?"

"நீ எப்பவும் என்னையே பாத்துக்கொண்டு இருக்கிறாய். ஆள் பாத்துக்கொண்டிருந்தா எனக்குக் கை ஓடாது."

"இப்ப பாக்கல்ல. கீறுங்க."

கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். எதிர்வீட்டுப் படியில் யாரோ பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கரி உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. உண்மையாகவே கீறுகிறாரா, சும்மா மட்டையைச் சுரண்டி என்னை ஏய்க்கிறாரா என்று இரண்டு தரம் திரும்பப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன்.

"சரி, பார்," என்றார்.

என் பின்கழுத்து. தோள். அவசரத்தில் முடிந்த கொண்டை. கரி அதிகம் படாமல் அந்தக் கொண்டையின் கீழ்ப் பாதியை மட்டையின் நிறத்திலேயே விட்டிருந்தார். முன்தலைக்கு நான் மாதம் ஒருமுறை மை பூசுகிறேன், ஒரு நரைகூடத் தெரியாது.

"என்ன இது, முடிக்கல்லையா?"

"முடிச்சிற்றன். அது நரை."

"பின்னால இவ்வளவுக்கா? எப்ப இருந்து?"

"நாலைஞ்சு வருசமா," என்றார். "உனக்குத் தெரியாத பக்கம்தானே. அதுதான் சொல்லல்ல."