தம்பி ஆட, நான் ஊதிய ஆட்டம்

வாரத்தில் ஆறு நாள் நகரத்து நடுவில், கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டையான தாகேதாவில் விசில் ஊதுவேன். இரண்டுக்கும் ஒரே சட்டைதான். நடுவர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளிக் கூடைப்பந்து ஆட ஒரு சிமெண்ட் தளம் இருந்தது, அதில் ஒரே ஒரு கூடை. முழு ஆட்டம் ஆட இன்னொரு கூடை வேண்டும், அதற்கு நாதியில்லை. அதனால் பக்கத்துக்கு மூன்று பேர், பாதி மைதானம், முதலில் பதினைந்து புள்ளி எடுக்கும் அணிக்கு ஜெயம். வார்டு வார்டாகப் பையன்கள் வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள், பர்மியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லாரும் என்னை 'ஸயா' என்பார்கள். பர்மிய மொழியில் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடும் சொல். நான் ஒரு நாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த வேலைக்கு அதுதான் தகுதி. ஊதியது ஊதியதுதான், எதிர்த்துப் பேசினால் பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். ஆட்டம் நின்றுபோகும், தானாக வழிக்கு வருவார்கள்.

பெரும்பாலான சண்டை ஒரே விதியால் வரும். இரண்டு அணியும் ஒரே கூடையில் போடுவதால், எதிராளி எறிந்து தவறிய பந்தைப் பிடித்தவன் உடனே அதைக் கூடையில் போட முடியாது. கூடையைச் சுற்றிப் போட்ட வளைகோட்டுக்கு வெளியே பந்தோடு போக வேண்டும். இரண்டு காலும் வெளியே பட்ட பிறகுதான் எறியலாம். பட்டதா படவில்லையா என்று ஆறு பேரும் ஆறு விதமாகச் சத்தியம் செய்வார்கள். அதைப் பார்க்கத்தான் நான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊதுகிறவனுக்குச் சொந்தக்காரன் ஆடினால், ஆட்டத்துக்கு முன்னால் எதிரணித் தலைவனிடம் பந்தைக் கொடுத்து, 'நான் ஊதலாமா?' என்று கேட்க வேண்டும். அவன் பந்தை ஒரு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்தால் சம்மதம். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். ஏனென்றால் என் தம்பி ஆடுவான், நன்றாகவே ஆடுவான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்கு இருபத்திரண்டு வயது. சேர்ந்த கல்லூரியை மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அரசாங்கம் மூடியே வைத்திருந்தது. எப்போது திறக்கும் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டான். வேலையும் இல்லை. தீபாவளிக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டோடு மலேசியாவுக்குப் போய்விட வேண்டும் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். தாய்லாந்து வழியாகக் காடு தாண்டிப் போகிற போக்கு அது. அவனுக்குப் போக விருப்பமில்லை. பயம் என்று சொல்ல மாட்டான், 'இங்கயே இருந்தா போதும்ணே' என்பான்.

அந்த மழைக்காலத்தில்தான் ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையிலிருந்து செய்தி வந்தது. ஆலை மேனேஜருக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். மற்ற ஆலைகளோடு மோத அவருக்கு ஓர் அணி வேண்டும். எங்கள் தளத்தில் நடக்கும் வார்டுப் போட்டியில் ஜெயிக்கும் மூன்று பேருக்கும் ஸ்டோரில் வேலை, ஆலை பஸ்ஸிலேயே போய் வரலாம் என்றார். தம்பிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீங்க எனக்காக ஒண்ணும் ஊத வேணாம். ஒழுங்கா ஊதுங்க, அது போதும்."

"வேற எப்படிடா ஊதுவேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

அந்த வருடம் காற்றில் கூடைக் கம்பம் சாய்ந்துவிட்டது. பழைய குழி பிடிக்காததால் ஒன்றரை அடி பின்னால் தள்ளி நட்டோம். கம்பம் நகர்ந்தால் வளைகோடும் நகர வேண்டும். போட்டியன்று காலையில் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்பால் புதுக்கோடு போட்டோம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துச் சுற்றி வந்தது நான்தான். பழைய மஞ்சள் பெயின்ட் கோடு அதற்கு வெளியே ஒன்றரை அடியில் மங்கலாகத் தெரிந்தது. அழிக்க நேரமில்லை. 'வெள்ளைதான் கணக்கு, மஞ்சளைப் பாக்காதீங்க' என்று எல்லா அணிக்கும் நானே சொன்னேன்.

இறுதி ஆட்டத்துக்குத் தம்பியின் அணி வந்தது. எதிரே பஸுண்டவுங் பக்கத்துப் பர்மியப் பையன்கள். அவர்களின் தலைவன் ஒல்லியான ஆள், அவனுக்கும் வேலை இல்லை. பந்தைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்தான். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினாலுக்குப் பதினாலு. அவர்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. தம்பி எம்பிப் பிடித்தான், இரண்டு தட்டு தட்டி வெளியே ஓடினான், திரும்பினான், எறிந்தான். பந்து சத்தமில்லாமல் உள்ளே போனது.

நான் ஊதினேன். கால் கோட்டைத் தாண்டவில்லை, கூடை செல்லாது, பந்து எதிரணிக்கு.

பத்து வருடமாக மஞ்சள் கோட்டைப் பார்த்துப் பழகிய கண். காலையிலிருந்து வெள்ளையைப் பார்த்துத்தான் ஊதினேன், அந்த ஒரு நொடியில் மஞ்சளுக்குப் போய்விட்டது. இடத்தைக் காட்டுவதற்காகக் கிட்டே போய்க் குனிந்தேன். தூறலில் நனைந்த தளத்தில் தம்பியின் இரண்டு ஷூத் தடமும் இருந்தன. இரண்டுமே சுண்ணாம்புக்கு வெளியே. சுண்ணாம்பு ஓர் இடத்தில்கூடக் கலையவில்லை.

அப்போதே மாற்றியிருக்கலாம். 'தப்பா ஊதிட்டேன், கூடை செல்லும்' என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். அதற்குள் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. "சொந்தத் தம்பின்னுகூடப் பாக்கலயே, மனுஷன்னா இவர்தான்யா" என்று பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல். மேனேஜர்கூட எழுந்து நின்று தட்டினார். இப்போது மாற்றினால் தம்பிக்காக மாற்றினான் என்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது. ஈரத்தைத் துடைப்பதுபோல் காலைத் தரையில் தேய்த்து அந்தத் தடங்களை அழித்தேன்.

அடுத்த எறியில் ஒல்லிப் பையன் போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பி கேட்டான். "அண்ணே, என் கால் வெளியதானே இருந்துச்சு? எனக்கு அப்படித்தான் தோணுச்சு."

"உள்ள இருந்துச்சுடா."

"சரிண்ணே." கொஞ்ச தூரம் போய், "அவசரப்பட்டுட்டேன்," என்றான்.

அவன் தன் காலை நம்பவில்லை, என் கண்ணை நம்பினான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தே மரத்துப்போன கால் மாதிரி உள்ளே ஏதோ கிடந்தது. அன்றைக்கு மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வந்து எல்லாருமாகச் சாப்பிட்டோம். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் அவன் போனான். பினாங்குப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற வேலை, பிறகு மர ஆலை. சரியான காகிதம் இல்லாததால் திரும்பி வர வழியில்லை. ஐந்தாம் வருடம் அம்மா இறந்தபோது பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "அம்மா முகம் எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டான். தூங்குகிற மாதிரி இருந்தது என்றேன். லைன் போகும் வரை அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ரிசீவரை வைத்துவிட்டு அலுவலகம் போய் மிச்சமிருந்த கடிதங்களை டைப் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஞாயிறு தவறாமல் ஊதினேன். 'தம்பியையே விடாதவர்' என்று பெயர் பரவி வேறு வார்டுகளிலிருந்தும் என்னை அழைத்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சறுக்கிய இடத்தைக் காலால் தேய்த்து அழிக்கிற யானையை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒன்பது வருடம் கழித்து, ஒருவழியாகக் காகிதம் கிடைத்து அவன் வந்தான். முடி கொட்டியிருந்தது, இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வந்த வாரமே காலையில் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனேன். ஒருவர் எங்கள் மேஜைக்கு வந்து நின்றார். ஆலைச் சீருடை, கொஞ்சம் தொப்பை. அந்த ஒல்லிப் பையன்தான். அதே ஆலையில் இப்போது ஸ்டோர் இன்சார்ஜ்.

உட்கார்ந்து, தம்பியிடம் பர்மிய மொழியில் சொன்னார்: "அன்னிக்கு உன் கால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியதான் இருந்துச்சு. பக்கத்துல நின்னு பார்த்தேன். எனக்கு அந்த வேலை வேணும், வாயை மூடிக்கிட்டேன். இத்தனை வருஷமா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. மன்னிச்சிரு."

தம்பி சிரித்தான். "எங்க அண்ணனைவிட உனக்குக் கண்ணு தெரியுமா? தப்பா ஊதியிருந்தா அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருப்பார். சொல்லுங்கண்ணே."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான்.

"உள்ளதான் இருந்துச்சு," என்றேன்.

அவர் தலை குனிந்தார். தம்பி தன் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி, மடங்காத விரல்களால் அவர் தோளில் தட்டினான். "கேட்டியா? நீ தப்பு ஒண்ணும் பண்ணல. இனிமே இதை நெனச்சு வருத்தப்படாத," என்றான்.