வால் அறுந்த சொல்

ஹோசியத்துக்குப் பயம் பிறவியிலேயே வந்தது. நாய் குரைத்தால் பயம், குரைக்காமல் முறைத்துப் பார்த்தால் இன்னும் பயம். இடி, போலீஸ்காரர் தொப்பி, விடியுமுன் அடிக்கும் தொலைபேசி, எல்லாமே அவளுக்கு ஆகாது. வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்ப் படுப்பாள், எழுந்து வந்து தொட்டுப் பார்ப்பாள், மறுபடி படுப்பாள். "தாழ்ப்பாளே உனக்குப் பயந்து தானா போட்டுக்கும், படுடி" என்பான் புருஷன் நூரலி. எங்கள் சார்பாக் ஊரில் ஆப்ரிகாட் பறிக்க ஏணி ஏறாத பெண் அவள் ஒருத்திதான். கீழே நின்று கூடை பிடிப்பாள். அதற்கும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

இப்படிப்பட்டவளைப் பிடித்து, வாய்க்கால் தண்ணீரை முறை பார்த்துத் திருப்பிவிடுகிற ஊர் நீர்க்கட்டியாக்கினோம் என்றால் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் வேறு யார் இருந்தார்கள்? நூரலியின் அப்பன் நீர்க்கட்டி, அவனுக்குப் பிறகு நூரலி. அவன் கட்டட வேலைக்கென்று ரஷ்யாவுக்குக் கிளம்பியபோது, "இந்த ஒரு முறை மட்டும் பாத்துக்க, அதுக்குள்ள யாராவது கிடைப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். யார் கிடைப்பார்கள்? ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் ரஷ்யாவில். மீதிப் பேரில் பாதிக்கு இடுப்பு வளையாது, பாதிக்கு வாய் மூடாது. பொறுப்பு இவள் தலையில் விழுந்தது.

ஆறு மலையை விட்டு இறங்குகிற இடத்தில் தலைமதகு இருக்கிறது. இடக்கரை நாங்கள், தஜிகிஸ்தான். வலக்கரை கிர்கிஸ்தான், அதில் ஆக்-தெரெக் ஊர். மதகு கட்டிய காலத்தில் எல்லாம் ஒரே நாடு. நாடு இரண்டான பிறகும் மதகு மட்டும் ஒன்றாகவே நின்றுவிட்டது. அதன் மேல் ஓர் இரும்புப் பாலம், பாலத்தின் நடுவில் ஒரு சக்கரம். இந்தப் பக்கம் சுற்றினால் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரும், அந்தப் பக்கம் சுற்றினால் அவர்கள் வாய்க்காலுக்குப் போகும். முறை மாறும் நாளில் இரண்டு ஊர் நீர்க்கட்டிகளும் அவரவர் கரையிலிருந்து நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால்தான் அசையும்.

அக்கரை நீர்க்கட்டியின் பெயர் தொக்தோசுன். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, வாயில் ஓயாத பேச்சு. முதல் நாள் பாலத்தின் விளிம்பில் இவள் அடி எடுத்து வைக்காமல் நின்றபோது அவர்தான் சத்தம் கொடுத்தார்.

"என்ன தங்கச்சி, தண்ணியப் பாத்தா பயமா, என்னப் பாத்தா பயமா?"

"பாலத்தப் பாத்தா, அண்ணே."

"அப்ப வானத்தப் பாத்துக்கிட்டு நட. விழுந்தா நான் புடிச்சுக்கறேன்."

வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து போய் அவர் மேலேயே முட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. இவள் பேசுவது தஜிக், அவர் பேசுவது கிர்கிஸ். நடுவில் இரண்டையும் போட்டுக் கலக்கிய ஒரு பாஷையில் காரியம் ஓடியது. தண்ணீரை விட்டுக்கொடுக்கிறவர் ரொட்டி கொண்டுவர வேண்டும், தின்ற பிறகுதான் சக்கரத்தில் கை வைக்க வேண்டும் என்பது அந்தப் பாலத்து வழக்கம். அவர் ஒவ்வொரு தடவையும் இவள் ரொட்டியைக் கையில் தட்டிப் பார்ப்பார். "உங்க ஊரு ரொட்டிக்கு எங்க ஊரு தண்ணி ஊத்துனாத்தான் தொண்டையில இறங்கும்." இவளும் விடமாட்டாள். "ஊத்துங்கண்ணே, யாரு வேணாம்னா?"

அந்த ஏப்ரலில் மலையில் பனி உருகவே இல்லை. ஆறு நூலாய் ஓடியது. ஆப்ரிகாட் பூ உதிர்ந்து பிஞ்சு பட்டாணி அளவில் நிற்கிற நேரம், இப்போது தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் கொட்டிவிடும். எங்களுக்கும் அதே கதி, அவர்களுக்கும் அதே கதி. அந்த நேரம் பார்த்து ஆக்-தெரெக்காரர்கள் தங்கள் வாய்க்காலை அகலப்படுத்த ஒரு தோண்டும் எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் பையன்கள் கல்லெறிந்தார்கள், ஓட்டுநரின் மண்டை உடைந்தது. மறுநாள் எங்கள் ஊர்ப் பேருந்தின் கண்ணாடி அத்தனையும் போனது. பாவி மக்கள், இரண்டு கரையிலும் ஒருத்தனுக்கும் புத்தியில்லை.

முறை மாறுவதற்கு முந்தின சாயங்காலம் டிராக்டர் ஓட்டும் இஸ்மத் ஹோசியத் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு நீ மதகுக்குப் போக வேணாம்க்கா. தண்ணி நம்ம பக்கமே ஓடட்டும்."

"முறை அவங்களோடதுடா."

"முறையாவது மண்ணாவது. தெரியாமத்தான் கேக்கறேன், நீ எந்த ஊரு நீர்க்கட்டி?"

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். போகாவிட்டால் தண்ணீர் வராத ஆத்திரத்தில் அவர்கள் மதகுக்குத் திரண்டு வருவார்கள், இவர்களும் திரண்டு போவார்கள், யாராவது ஒருவன் சாவான். போனால் சொந்த ஊரே அவளைத் தின்றுவிடும். யோசித்து யோசித்துக் கடைசியில் பாரத்தை இன்னொருவர் தலையில் ஏற்றினாள், பயந்தவர்கள் எப்போதும் செய்கிற மாதிரி. தொக்தோசுன் அண்ணன் கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் வீட்டில் கிடப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

காலையில் தொலைபேசி அடித்தது. அவர்தான். மலையடிவாரத்தில் அக்கரை இணைப்பு எப்போதும் விட்டு விட்டுத்தான் வரும். காற்று, இரைச்சல், யாரோ கத்துவது, நடுவில் அவர் குரல்.

"தங்கச்சி... இன்னைக்கு... கெல்..."

"அண்ணே? கேக்கல அண்ணே!"

"கெல்... கெல்..."

அவ்வளவுதான், அறுந்துவிட்டது. திருப்பி அழைத்தாள், போகவில்லை. கிர்கிஸ் பேச்சில் கெல் என்றால் வா. தெளிவாகத்தானே சொன்னார், அதுவும் இரண்டு தடவை? ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். இஸ்மத் கண்ணில் படாமல் வாய்க்கால் கரையோடு குனிந்து குனிந்து போனாள். படவில்லை என்று அவள் நினைத்தாள்.

பாலத்தில் கால் வைத்து வழக்கம்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சக்கரத்துக்கு அருகில் வந்துதான் பார்வையைக் கீழே இறக்கினாள். அக்கரை முழுக்க ஆட்கள். கையில் கம்பு, மண்வெட்டி, கல். ஒருவன் கையில் வேட்டைத் துப்பாக்கிகூட இருந்தது. அத்தனை கண்ணும் அவள் மேல்.

ஹோசியத்தின் கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தொக்தோசுன் பாலத்தில் ஓடிவந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். கூட்டத்தின் கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஐயோ, கூப்பிட்டு வரவழைத்துவிட்டாரே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இத்தனை பேரை நிற்க வைத்துவிட்டு என்னை வா என்றாரே, அண்ணன் அண்ணன் என்றேனே!

அவர் வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். அக்கரையிலிருந்து வந்த முதல் கல் சக்கரத்தில் பட்டு டங்கென்றது. அவர் அவளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு எங்கள் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அவள் திமிறினாள், அவர் விடவில்லை. இரண்டாவது கல் அவர் முதுகில் விழுந்தது. எங்கள் கரையில் இஸ்மத்தும் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? எங்கள் பெண்ணை ஒரு கிர்கிஸ்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் திமிறுகிறாள். பாலத்தின் முனைக்கு வந்ததும் அவரைச் சட்டையோடு பிடித்து மண்ணில் தள்ளினார்கள்.

இஸ்மத் அவர் நெஞ்சில் முழங்காலை வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தான்.

"சொல்லுக்கா. நீயா போனியா, இவன் கூப்பிட்டானா?"

ஒரே வார்த்தைதான் அவன் கேட்டது.

"இவர்தான் வரச் சொன்னார்."

சொன்னதுதான் தாமதம், அடி விழுந்தது. கம்பால், காலால், கையில் கிடைத்ததால். அவள் பொய் சொல்லவில்லை, காதில் விழுந்ததைத்தான் சொன்னாள். வெள்ளைத் தொப்பி உருண்டு வாய்க்காலில் விழுந்து மிதந்து போயிற்று. அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, உடைந்த வாயால் இவளைப் பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கெல்பே... கெல்பேன்னுதானே சொன்னேன், தங்கச்சி..."

கெல்பே. அப்படியென்றால் வராதே. வாவுக்கும் வராதேக்கும் நடுவில் இருப்பது வாலில் தொங்குகிற அந்த ஒற்றை எழுத்துதான். அதைக் காற்று தின்றுவிட்டது. காலையில் ஓட்டுநரின் மண்டைக்குப் பழிவாங்கத் திரண்ட கூட்டத்துக்குள்ளிருந்து அவர் ஒளிந்துகொண்டு அழைத்திருக்கிறார், வராதே வராதே என்று. ஓடிவந்து கையாட்டியது போ போ என்று. முதுகில் கல் வாங்கியது இவளுக்காக. அதுவரை அவள் பட்ட பயமெல்லாம் தன் உயிருக்கான பயம். இது வேறு. தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தை கண் முன்னால் ஓர் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது.

"இல்ல! அவர் சொல்லல! எனக்குத்தான் காது..." என்று கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. அப்படியே அவர் மேல் விழுந்தாள். கோட்டின் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

பிறகு ஊரில் அவளை வீராங்கனை, அது இது என்றெல்லாம் பேசினார்கள். ஒரு வெங்காயமும் இல்லை. அது பயத்தில் வந்த உடும்புப்பிடி. நீச்சல் தெரியாதவள் கட்டையைப் பிடித்த மாதிரி பிடித்தாள். இஸ்மத் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். "விடுக்கா! விடுங்கறேன்ல!" விடலாம் என்று அவளே நினைத்தாலும் விரல் திறக்காது. அவரை அடிக்க வேண்டுமானால் அவளை அடித்துத்தான் ஆக வேண்டும். நூரலியின் பெண்டாட்டியை அடித்துவிட்டு ஊரில் எப்படி நடமாடுவது? கம்புகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

"கொண்டுபோய் விட்டுத் தொலை" என்றான் இஸ்மத். அவனுக்கும் மூச்சு வாங்கியது. தான் செய்ததை அப்போதுதான் பார்த்தவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இருவரும் பாலத்தில் ஏறினார்கள். அவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அவள் கை கோட்டிலேயே இருந்தது. இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை, எதிரே நின்றவர்களையே பார்த்துக்கொண்டு போனாள். அவர்களில் முன்னால் நின்றவன் ஜோல்தோஷ், தொக்தோசுனின் தங்கை மகன். கையில் தேங்காய் அளவு கல். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. பாலத்தின் நடுவுக்கே வந்துவிட்டான்.

"யாரு மாமா அடிச்சது? இவ ஆளுங்களா? ஒரு வார்த்தை சொல்லு. ஒரே ஒரு வார்த்தை."

இதே மாதிரி ஒரு கேள்விக்கு அவள் சற்று முன்னால் என்ன சொன்னாள் என்று மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். சொல்லட்டும், சொன்னால் நியாயம்தான் என்றும் நினைத்தாள், சொல்லிவிடாதீர்கள் அண்ணே என்றும் நினைத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தாள்.

தொக்தோசுன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"யாரும் அடிக்கல. வழுக்கி விழுந்தேன். இரும்புல வாய் பட்டுடுச்சு."

"பொய்யி. நாங்க பாத்தோம் மாமா."

"இங்கருந்து அவ்வளவு தூரத்துல என்னத்தடா பாத்த? உங்கம்மாவுக்கு அண்ணன் நானு. விழுந்தேன்னா விழுந்தேன்."

"அப்ப இவ ஏன் கோட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கறா?"

"மறுபடி விழுந்துடுவேன்னு."

ஜோல்தோஷ் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நம்பவில்லை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் விழுந்தேன் என்று சொல்கிற மாமனுக்காக யாரைப் போய் அடிப்பது? கல்லை ஆற்றில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

அப்போதுதான் ஹோசியத்தின் விரல்கள் தாமாக விட்டன. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"அழுகைய அப்புறம் வச்சுக்க. முறை எங்களோடது, சக்கரத்தப் புடி" என்றார் அவர். ரொட்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, அதை இருவரும் பேசவுமில்லை. இரண்டு பேரும் தொங்கினார்கள். சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பியது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வடிந்து இறங்கி, அவர்கள் வாய்க்காலில் ஏறியது.

"போ, தங்கச்சி. ஓடாத. ஓடுனா எறிவாங்க. நடந்தே போ."

அவள் திரும்பி நடந்தாள். முன்னால் தண்ணீரைப் பறிகொடுத்த சொந்த ஊர் நின்றுகொண்டிருந்தது. பின்னால் அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்ட அவர் ஊர் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு, இதோ, இதோ என்று நடந்தாள். பாலம் முடிகிறவரை முதுகில் ஒரு கல்கூட விழவில்லை. விழுந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.