கழுகு கோத்த ஊசிகள்

கழுகு என்று கூப்பிட்டால்தான் தையல் நிலையத்தில் அவள் திரும்பிப் பார்ப்பாள். நாற்பத்தைந்து வயதாகியும் கண்ணாடி கிடையாது. கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்து விளிம்பு மடிக்கும் கைத்தையல் மேசையில் அவளோடு சேர்த்து ஒன்பது பெண்கள். மற்ற எட்டுப் பேருக்கும் ஊசிக் காது என்பது கேள்விப்பட்ட விஷயம்தான், கண்ணால் கண்டு வருஷக்கணக்காகிறது. அதனால் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே வந்து எட்டு ஊசிகளையும் அவளே கோத்துவிடுவாள். நூல் நுனியை நாக்கில் ஒரு தொடல், விரலால் ஒரு முறுக்கு, ஒரே போக்கில் உள்ளே. யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை. ஆனாலும் அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த மேசையில்தான் ஒரே வாரத்தில் மூன்று பேர் சாய்ந்தார்கள். முதலில் பெரியக்கா. காய்ச்சல் அடிக்கிறது என்றாள். அடுத்த நிமிஷம் விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மாரடைப்பு என்று எல்லோரும் அலறியடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினால், ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயுத் தொல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இருவருக்கும் அதே படம், அதே பதில். நான்காவதாக விழுந்தது, அதே மேசையில் பக்கத்து நாற்காலியில் இருந்த கழுகின் அண்ணி.

அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது அண்ணியின் சம்பளத்தில்தான். அந்தப் பாழாய்ப் போன வலியோ சொல்லி வைத்தாற்போல வரும், போகும். துடிதுடித்துக் கிடந்தவள் அரை மணி கழித்து எழுந்து பாத்திரம் தேய்ப்பாள். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் வலி இருக்காது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

சூப்பர்வைசர் நினைத்ததை வாய்விட்டே சொன்னார். "நாலு பேரும் பேசி வச்சுக்கிட்டு நெஞ்சைப் பிடிக்கிறீங்களா? மத்த மூணு பேராவது திரும்பி வந்துட்டாங்க. உங்க அண்ணி திங்கட்கிழமை வரலன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆள்."

"உங்களுக்கு ஒரு தடவை வந்து பாக்கணும் சார், அப்ப தெரியும்," என்றாள் கழுகு. இருபது வருஷம் இந்த மேசையில் முதுகு ஒடிய உழைத்ததற்கு நடிகை என்ற பட்டம்தான் மிச்சம்.

சனிக்கிழமை அண்ணியை இழுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனாள். இந்த அம்மாள் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே விரலால் அழுத்தினார். அண்ணி வீலென்று கத்தினாள்.

"இதயத்துல ஒண்ணும் இல்லம்மா. வலி நிஜம்தான், ஆனா தசையில இருக்கு. இது ஒரு வைரஸ் காய்ச்சல், கூட்டமா வரும். ரெண்டு வாரத்துல தானா போயிடும்."

கழுகுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டர். அந்த ஆள் மூஞ்சில காட்டணும்."

"எழுதுறேன். ஆனா நாலு பேருக்கு எப்படிப் பரவுச்சுன்னும் எழுதினாத்தான் நம்புவாங்க. எச்சில் வழியா வரும். ஒரே தம்ளர்ல தண்ணி குடிக்கிறீங்களா?"

"தனித்தனி பாட்டில்."

"சாப்பாடு?"

"அவங்கவங்க டப்பா. நாங்க சுத்தமானவங்க டாக்டர், எச்சில் படறதே கிடையாது!" என்று பொரிந்தாள்.

"இவங்களுக்கெல்லாம் முன்னாடி யாருக்காவது லேசாக் காய்ச்சல் இருந்துச்சா?"

கழுகு விரல்விட்டு நாளை எண்ணினாள். பெரியக்கா விழுவதற்கு நாலு நாள் முன்பு கழுகின் மகளுக்குப் பள்ளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த காய்ச்சல், ஒரு நாள் அவளுக்கும் இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். தான் போகாவிட்டால் ஊசியை யார் கோப்பார்கள் என்று நினைத்துத்தான் போனாள். அவள் நாக்கில் பட்ட நூல். ஊசியிலிருந்து உருவிக்கொண்டால் அதே நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி அவளிடமே நீட்டுவார்கள், தைத்து முடித்தால் பல்லால் கடித்து அறுப்பார்கள். பெரியக்கா, இந்தப் பக்கம் இரண்டு பேர், அண்ணி. அவள் கோத்துக் கொடுத்தவர்கள்தான் எல்லோரும்.

சொல்லாமல் வந்துவிடலாம். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எழுதிக்குங்க டாக்டர்," என்றாள். "நூலை நக்கி எல்லாருக்கும் கோத்துக் குடுத்தது நான்தான்."

வழியெல்லாம் அண்ணி நாலடி முன்னாலேயே நடந்தாள். வீட்டு வாசலில் திரும்பி, "பத்து நாளா என் உசிரை வாங்கினது நீதானா?" என்றாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் கடிதத்தை மேசை முன்னால் நின்று ஒரு வரி விடாமல் வாசித்தார். அண்ணியின் நாற்காலி தப்பியது. எட்டுப் பேரும் கழுகைப் பார்த்த பார்வையில் அவள் கூனிக் குறுகிப் போனாள். நல்லதுதானே செய்தேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் கத்துவது?

மணி அடித்தது. எட்டு ஊசிகளும் வெறுமனே கிடந்தன. ஆளாளுக்கு ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்கள். பக்கத்தில் அண்ணியின் நூல் ஊசிக் காதுக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை போயிற்று. கழுகு கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது முறையும் தவறியது. அண்ணி பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஊசி நூலோடு அவள் பக்கம் நகர்த்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"வாயை மூடிக்கிட்டுக் கோத்துக் குடு," என்றாள்.