கமிட்டி நட்ட தென்னைகள்

எங்கள் மிஷன் காம்பவுண்டில் எதைத் தொடங்கினாலும் ஜெபம் செய்துதான் தொடங்குவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் ஜெபத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு கமிட்டியைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்களே, அதுதான் என் உயிரை வாங்கும். எழுபதுகளில் நான் சித்தூரில் டீச்சராக இருந்தபோது ஒரு கால்வாய்க் கரைக்காகப் போட்ட கமிட்டியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காம்பவுண்டில் பதினெட்டு வீடுகள். கொல்லைச் சுவருக்குப் பின்னால், மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய். அதற்கு அந்தப் பக்கம், கரைக்குக் கீழே, ஒரு ஏக்கர் கழனி. தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாளுடையது அது. காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம்; சர்க்கார் பட்டா கொடுத்து முதன்முதலாகச் சொந்தம் என்று வந்த மண். புருஷன் செத்த பிறகு அவள் ஒருத்தியாகவே அதில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை டீச்சரம்மா என்பாள்.

எங்களுக்கு அந்தக் கால்வாய் குப்பைத்தொட்டி. சுவருக்கு மேலே கையை நீட்டிக் கொட்டினால் வேலை முடிந்தது. காலையில் பைபிள் வாசித்து முடித்த கையோடு கொட்டுவார்கள். நானும் கொட்டினேன், ஏன் மறைக்க வேண்டும். அது எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததில்லை. கண்ணுக்கு மறைந்தால் போதும் எங்களுக்கு.

ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. குப்பை அடைத்துக்கொண்டு கால்வாயில் தண்ணீர் தேங்கி, அந்தப் பக்கத்துக் கரை உடைந்துவிட்டது. ஸ்கூல் விட்டு வந்து நான் போய்ப் பார்த்தபோது அவளுடைய கழனியில் முழங்கால் உயரம் மணல். மணலுக்கு நடுவே எங்கள் காம்பவுண்டே கிடந்தது: போன கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம், கிழிந்த பாய், பவுடர் டப்பா, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அவள் குனிந்து மணலைக் கிளறி ஓர் அலுமினிய மூடியை எடுத்தாள். முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது ஒங்குள்துதான டீச்சரம்மா? ஒங்க வூட்டுக்காரர் பேரு வெட்டிகீது பாருங்க."

வெட்டித்தான் இருந்தது. என் கல்யாணச் சீரில் வந்த பாத்திரத்தின் மூடி. ஓட்டையாகிவிட்டதென்று நானே எறிந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொலைந்த சாமானைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி கொடுத்தாள். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நம் குப்பையால்தான் கரை உடைந்தது, நாம்தான் சரிசெய்ய வேண்டும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். போதகர் ஐயாவின் கண் கலங்கிவிட்டது. உடனே கமிட்டி போட்டார்கள்.

கமிட்டிக்குச் செக்ரட்டரி, தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரான பெரியவர். "மொதல்ல அர்ஜி பெட்டுதாம்" என்றார். எதற்கும் முதலில் மனு எழுத வேண்டும் அவருக்கு. தெலுங்கில் மனு எழுதி அதைத் திருத்தவே இரண்டு கூட்டம் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் கரையில் தென்னை நடலாம், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ நல்ல புத்தி சொன்னார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒருவர் கேட்டார், "காய்ச்சா காய் யாருக்கு?"

போயிற்று. இன்னும் கன்றே வரவில்லை, அதற்குள் காயைப் பங்கு போட்டார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு என்றது மாதர் சங்கம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்றது வாலிபர் சங்கம். கரை காம்பவுண்டு எல்லைக்குள் வராதே, அப்படியானால் காய் சர்க்காருக்கல்லவா என்று செக்ரட்டரி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

கடைசியில் ஒரு தை மாதச் சனிக்கிழமை வேலை நடந்தது. பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். ஆண்கள் கால்வாயில் இறங்கிக் குப்பையை வாரினார்கள், பெண்கள் கூடை கூடையாக மண் சுமந்து உடைப்பை அடைத்தோம். நகரிப் பக்கத்திலிருந்து வந்த கன்றுகளை வீட்டுக்கு ஒன்றாகப் பதினெட்டு நட்டோம். பாட்டு, டீ, பன், ஸ்தோத்திர ஜெபம். யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று நான் ஓர் அட்டவணை எழுதி, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்து, ஒன்றைக் கோயில் கதவிலும் ஒட்டினேன்.

மூன்று வாரம் நடந்தது. அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு வீட்டில் முதுகுவலி, ஒரு வீட்டில் விருந்தாளி. கால்வாய்க்குக் குறுக்கே கிடக்கும் பனைமரப் பாலத்தில் புடவையோடு குடம் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று மாதர் சங்கத் தலைவி சொன்னார்கள். கோடையில் கால்வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குறுக்கே இறங்கியே நடந்து போகலாம். அதைச் சொன்னால், "பாலத்தைச் சரிபண்ண ஒரு தீர்மானம் போடலாமே டீச்சர்" என்றார்கள். நானும் அப்போதெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பேப்பர் முடிந்த பிறகும் திருத்திக்கொண்டேதான் இருந்தேன்.

ஊற்றியது அவள். தன் கிணற்றிலிருந்து இறைத்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து, பதினெட்டுக்கும் ஊற்றினாள். சாயங்காலம் என் சமையலறை ஜன்னலில் பார்த்தால் தெரியும்.

"கர நின்னாதான் டீச்சரம்மா எங்கழனி நிக்கும்" என்பாள். "இன்னொரு தபா மணலு ஏறிச்சின்னா, நான் பழையபடி கூலிக்குப் போவ வேண்டியதுதான்."

நான்கு வருஷத்தில் ஆறு பட்டுப்போய்ப் பன்னிரண்டு நின்றன. ஆளுயரத்துக்கு மட்டை விட்டு, வேர் இறங்கி, கரை அசையவில்லை. சபையின் வருஷாந்தர அறிக்கையில் செக்ரட்டரி வாசித்தார்: சபையாரின் கூட்டு முயற்சியால் கால்வாய்க் கரை பசுமையாக நிற்கிறதாம். கைதட்டினார்கள். அவள் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததே இல்லை.

அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு வந்தது. இயேசு எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் ஓலை பிடித்து வரவேற்றதை நினைத்து, நாங்களும் கையில் இளம் ஓலையோடு ஓசன்னா பாடிப் பவனி போவோம். ஓலை கொண்டுவருவது வாலிபர் சங்கத்தின் பொறுப்பு. வருஷாவருஷம் மரமேறுகிற ஒருவர் தோப்பிலிருந்து வெட்டிக் கொடுப்பார். அந்த வருஷம் அவர் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பாட்டுக்குத் தயார் செய்துகொண்டிருக்கும்போது வாலிபர் சங்கச் செயலாளர் வந்து நின்றார். வாலிபர் என்றால் மீசையில் நரை விழ ஆரம்பித்த வாலிபர்.

"டீச்சர், ஏற ஆள் வரல. ஓலைக்கி என்ன பண்றது?"

அதையும் என்னிடம்தான் கேட்க வேண்டுமா என்று எனக்குச் சுர்ரென்றது. "எங்கிருந்தாவது கொண்டாந்து தொலைங்க. என்னக் கேக்காதீங்க" என்றேன்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் ஓலை தயாராக இருந்தது. மஞ்சள் வெளுப்பாக, ஈரமாக, வெட்டின வாசனையோடு. எனக்குக் கொடுத்தது கொஞ்சம் குட்டை. அதற்கும் முகம் சுளித்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து, தொண்டை வலிக்க ஓசன்னா பாடினேன். இவ்வளவு ஓலை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம்கூட நான் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். கரையில் தென்னைகள் வரிசையாக நின்றன, கடைசி மூன்றைத் தவிர மற்றதெல்லாம் உச்சியில் ஒன்றுமில்லாமல். சுற்று மட்டைகள் அப்படியே இருக்க, நடுக்குருத்தை மட்டும் வேரோடு உருவுவது மாதிரி உருவியிருந்தார்கள். ஏற வேண்டியதில்லை அல்லவா, கைக்கு எட்டுகிறதே! அவள் குடத்தோடு நின்று முதல் மரத்தடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நான் கால்வாயில் இறங்கி ஓடினேன். ஓலை இன்னும் என் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"குருத்தப் புடுங்கினா தென்ன பொழைக்குமா டீச்சரம்மா?"

"நீ பாத்துக்கினா இருந்தே அக்கா? நாலு போடு போட வேணாமா அவனுங்கள?"

"கேட்டேன். சாமிக்கின்னாங்கோ. சாமிக்கின்னா நான் இன்னா சொல்றது? எங்க சாமியா ஒங்க சாமியான்னு சண்டையா போட முடியும்?" குடத்தைக் கீழே வைத்தாள். "அப்பவும் வுடல நானு. டீச்சரம்மாவக் கேட்டுக்கினு வாங்கன்னேன். அவுங்கதான் எங்கிருந்தாவது கொண்டாரச் சொன்னாங்கன்னு சொல்லிட்டாங்கோ."

சொன்னது நான்தான். ஒரு சொல்கூட அவர்கள் கூட்டிச் சொல்லவில்லை.

கமிட்டி கூடியது. மிகவும் வருந்துவதாகத் தீர்மானம் போட்டார்கள். குருத்து போன தென்னை பிழைக்குமா என்று விவசாய ஆபீசுக்கு ஓர் அர்ஜி பெட்டுதாம் என்றார் செக்ரட்டரி. கர்த்தருக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்க்கலாமா என்று ஒரு மகராசி கேட்டாள். கொடுத்தது நீயா அவளா என்று நான் கத்தினேன். முடிவு ஜெபத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஆறு மாதம் அதைப் பற்றியே பேசினார்கள்; தென்னையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கமிட்டி கூடிய மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அவள் என் குடத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கமிட்டி அனுப்பிச்சா?"

"இல்ல அக்கா, நான்தான் வந்தேன்."

"அப்டின்னா கட்சீல கீற மூணுத்துக்கு ஊத்துங்க. அதுக்கு மட்டுந்தான் குருத்து கீது. மத்தது அவ்ளோதான்."

தினமும் ஊற்றினேன். ஆனால் ஒன்பது மரம் குருத்தழுகிச் சாய்ந்த பிறகு ஊற்றி என்ன? ஐப்பசி மழையில், அந்த ஒன்பது இருந்த இடத்தில், கரை சரிந்துவிட்டது. மூன்று தென்னை நின்ற மூலை மட்டும் அப்படியே நின்றது. மற்றபடி கழனியில் முக்கால்வாசி மணல். பறிக்கிற பதத்தில் இருந்த கடலை எல்லாம் அடியில்.

நான் போனபோது அவள் தனியாக மணல் வாரிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் கரையில் காம்பவுண்டு ஜனம் முழுவதும் குடையோடு நின்றது. அந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கணும் என்றார் ஒருவர். இல்லை இந்த மூலை என்றார் இன்னொருவர். செக்ரட்டரி குடைக்குக் கீழே பாக்கெட்டில் பேனாவைத் தேடினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மழையிலேயே அவர்கள் பக்கம் திரும்பி நின்று, பதினெட்டு வீட்டையும் வரிசையாகத் திட்டினேன். கமிட்டியை, அர்ஜியை, காயைப் பங்கு போட்டதை, பனைமரப் பாலத்தை, ஒன்றையும் விடவில்லை. என் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருத்தரும் இறங்கவில்லை.

பின்னாலிருந்து என் இடுப்பில் ஏதோ இடித்தது. திரும்பினேன். அவள் ஒரு காலிக் கூடையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பேசினது போதும் டீச்சரம்மா" என்றாள். "வாருங்க."