இரண்டு மணிக்கு வராத வெள்ளம்

ஓவர்சியரை நினைத்தால், கரிசல் மண்ணின் வெடிப்புக்குள் அவர் அளவுகோலை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான் முதலில் வருகிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கு மேற்கே, ஐப்பசி பிறந்த சமயம். முந்தின வாரம் ஒரு முழம் உள்ளே போன கோல், அன்று நான்கு விரல்கூட இறங்கவில்லை. சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வெடிப்பெல்லாம் மூடிட்டுவே. இனிமே பெய்யுத மழை ஒரு சொட்டுகூட உள்ள போவாது. அம்புட்டும் ஓடும்."

வானம் வெளுத்துக் கிடந்தது. எனக்கு ஏனோ அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தூத்துக்குடியில் பாசன அலுவலகம் ஒன்றில் நான் டிரேசர். மற்றவர்கள் பென்சிலில் வரைந்த படங்களை மெழுகுத் துணியில் மையால் நகலெடுப்பது என் வேலை. ஓவர்சியர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஏரல் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். ஆற்றங்கரையில் பிறந்த அவருக்கு ஆற்றைக் கண்டு பயமில்லை. வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்துவிட்டு ஒரே நாளில் பெருகும் ஓடைகளைக் கண்டுதான் பயம். மேற்கே பெய்யும் மழை எந்தச் சரிவில் இறங்கி, எந்தெந்தக் குளத்தை நிரப்பி, எத்தனை மணி நேரத்தில் நகரத்துக்கு மேலே உள்ள பெரிய குளத்தை எட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய வெறி. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே அந்த நிலம் முழுவதையும் வரைந்தார். அதை நகலெடுத்தவன் நான்.

அந்த ஐப்பசியிலேயே ஒரு காலையில், மேற்கிலிருந்து சைக்கிளில் நனைந்து வந்த ஆள் மழை அளவுச் சீட்டைக் கொடுத்தான். ஓவர்சியர் என் நகலை மேசையில் விரித்துக் குளம் குளமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "மத்தியானம் ரெண்டு மணி. பெரிய குளத்துக் கரை தாங்காது."

பெரிய என்ஜினியர் ஊரில் இல்லை. உத்தரவுக்குக் காத்திருக்கவும் நேரமில்லை. குளத்துக்கும் கடலுக்கும் நடுவே தாழ்வில் கிடந்த உப்பளங்களுக்கு இருவரும் ஓடினோம். வெள்ளம் வரும் என்றபோது அங்கே குடிசைகளில் இருந்தவர்கள் யாரும் அசையவில்லை. இரண்டு மணி என்றதும்தான் எழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதை மேட்டில் ஏறி நின்றார்கள்.

இரண்டு மணி ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. மழை விட்டிருந்தது. காற்றுக்கூட இல்லை. ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக அமைதியாக நின்றன. ஒருத்தி ஓவர்சியரிடம் வந்தாள். "சொன்ன நேரம் தாண்டிட்டே அய்யா. மாவுப்பானை, துணிமணி எல்லாம் அங்கனதான் கெடக்கு."

"கொஞ்சம் பொறு தாயி."

"எம்புட்டு நேரம்?"

அவர் மேற்கே பார்த்தார். கணக்கில் வந்த இரண்டைத் தவிர, சொல்ல அவரிடம் வேறு மணி இல்லை. அவள் இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்.

நாலரைக்கு முதலில் சத்தம்தான் வந்தது, பாலத்தின் மேல் பல வண்டிகள் சேர்ந்து ஓடுவதுபோல. ஓவர்சியர் சரிவில் பாய்ந்து ஓடினார். பெரிய குளம் உடைந்த வெள்ளத்திலிருந்து இருவரை இழுத்து வந்தார். மூன்றாவது முறை இறங்க முடியவில்லை. அந்தப் பெண்ணோடு இன்னும் சிலர் கிடைக்கவில்லை. உப்புக் குவியல்கள் கண்ணெதிரே கரைந்தன. அதற்குப் பிறகு பல நாட்கள், முத்துக் குளிக்கும் கடலடிப் பாறைத் திட்டுகள் வரைக்கும் கடல் சேற்று நிறத்தில் கிடந்ததாகத் தோணிக்காரர்கள் சொன்னார்கள்.

மறுநாள் ஓடையைப் பிடித்தபடி மேற்கே நடந்தோம். உடை முள்மரம் மண்டிய ஒரு சின்னக் குளத்தின் கரை பிளந்து கிடந்தது. பல வருடம் தண்ணீர் காணாத குளம். வந்த வெள்ளத்தை இரண்டரை மணி நேரம் பிடித்து வைத்திருந்து, ஒரேயடியாக விட்டிருக்கிறது. "இத நான் பென்சில்ல போட்டிருந்தேனே" என்று மெல்லச் சொன்னார். நான் சேற்றைப் பார்த்தேன். படத்தின் அந்த மூலையில் தலைப்பு எழுத எனக்கு இடம் தேவைப்பட்டது. செத்த குளம்தானே என்று அதை நகலில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

விசாரணையில் என்ஜினியர், நேரம் எப்படிப் பிசகியது என்று கேட்டார். பென்சில் படம் ஓவர்சியரின் பைக்குள் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "கணக்கு என்னுது சார். அந்தக் குளத்த நான்தான் சேக்காம விட்டுட்டேன்." நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவரை வெகுதூரத்துக்கு மாற்றினார்கள். புறப்படும் நாளில் வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி, அந்தக் குளம்..." என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"அது கெடக்கட்டும்வே. எம்புட்டு நேரம்னு அவ கேட்டா. தெரியாது தாயி, ஆனா வரும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இப்போது வானொலியில் வெள்ளம் வரும் நேரத்தைச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறதாம். நான் அந்த அலுவலகத்திலேயே உயர்ந்து, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். அங்கே பழைய கோப்பில் அந்தத் தவறு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்ல எனக்கு முப்பது வருடம் இருந்தது.