டயருக்குக் கொடுத்த கல்

தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றையறைக் காம்பராவிலிருந்து புது வீட்டுக்குக் குடிபோன அன்று எங்கள் சாமான்களை டிராக்டர் பெட்டியில் ஏற்றிவந்தவர் அந்த டிரைவர். மெலிந்த உடம்பு, காதை மூடிய கம்பளித் தொப்பி. எங்கே நிறுத்தினாலும் இறங்கி, ஒவ்வொரு டயரையும் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்.

வட்டவளை தாண்டிய ஏற்றத்தில் பெட்டியின் டயர் ஒன்று காற்றுப் போய் அமுங்கியது. பால் காய்ச்சும் நேரம் தப்பிவிடுமே என்ற பதற்றத்தில், டயரைச் சீக்கிரம் மாற்றிவிடலாம் என்று நான் பெட்டியை டிராக்டரிலிருந்து கழற்றிவிடப் போனேன்.

"கொக்கியில கை வைக்காதீங்க தம்பி! கழட்டுனா பெட்டி பள்ளத்துக்குப் போயிரும். மொதல்ல கல்லு கொண்டாங்க."

நான் தூக்கிவந்த கல் அவருக்குப் பிடிக்கவில்லை. "உருண்டக் கல்லு டயரோட சேந்து உருளும்ங்க. தட்டக் கல்லா பாருங்க."

கடைசியில் அவரே தட்டையான ஒன்றைப் பெயர்த்தெடுத்து, நல்ல டயருக்குப் பின்னால் கொடுத்தார். ஜாக்கி ஏற்றி வேறு டயர் பூட்டி முடிக்கும்வரை பெட்டி அசையவில்லை. புறப்படும்போது அந்தக் கல்லையும் எங்கள் அலமாரிக்குப் பக்கத்தில் ஏற்றினார். இருக்கிற பாரம் போதாதா என்று எனக்கு எரிச்சல்.

புது வீட்டுக்கு இன்னும் படி கட்டவில்லை. முழங்கால் வலிக்கார அம்மா, பால் சட்டியோடு உயரமான வாசலைப் பார்த்துத் தயங்கி நின்றார். டிரைவர் அந்தக் கல்லைத் தூக்கிவந்து போட்டு, மேலே ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார்.

"ஏறுங்கம்மா, ஆடாது. பெட்டியையே நிறுத்துன கல்லு."

நேரம் தப்பாமல் பால் பொங்கியது. படியில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை.

இன்றும் அந்தக் கல்தான் எங்கள் படி. ஏறுமுன் என் கால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறது.